சிவப்பு தெரியாத கை

மினியாபொலிஸ்
ஜனவரி 19, 2005

கூலேத்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். இல்லாவிட்டால் முதல் வரியிலேயே உன்னைத் திட்டியிருப்பேன்.

நண்பன் வீட்டுக்குப் போகிறேன், இரண்டு நாளில் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். ஒரு வாரம் கழித்து அலாஸ்காவிலிருந்து போன் வருகிறது. மீன் கம்பெனியில் வேலையாம். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அலாஸ்கா எங்கடி இருக்கு?"

சொன்னேன்.

"அங்க மனுஷங்க இருக்காங்களா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? சோமாலி மாலில் நம் ஜனங்களின் துணிக்கடை, தேநீர்க்கடை என்று ஒன்று விடாமல் அவள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், "என் ரெண்டு பிள்ளைங்களும் காலேஜ் போறாங்க" என்று. நான் பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்கிறேன்.

நீ போனதுகூடப் பரவாயில்லை. அடுத்த அறையில் இருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கணக்குப் புத்தகத்தை என் படுக்கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதற்கு என்ன அர்த்தம்? இனி எனக்கு வேண்டாம் என்றா, நீயே படித்துக்கொள் என்றா?

காலேஜுக்கு ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்போது நான் தனியாகப் போகிறேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன், நீ வருகிறாயா என்று. எல்லோரும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்து நடக்கிறார்கள். நான் தெரிந்தவள் மாதிரி நடக்கிறேன்.

ரத்தம் எடுக்கும் படிப்பு தொடங்கிவிட்டது. ஹால்வர்சன் மேடம் முதல் நாளே கேட்டார், "உங்க வீட்ல யாராவது மருத்துவத் துறையில இருக்காங்களா?" என்று. ஒருத்தியின் அம்மா நர்ஸ். இன்னொருத்தியின் பெரியப்பா டாக்டர். நம் வீட்டில் பள்ளிக்கூடத்தை முதலில் முடித்ததே நான்தான் என்று அங்கே எப்படிச் சொல்வது? குனிந்து நோட்டைப் புரட்டினேன். பெயர் கூப்பிடும்போது மேடம் என் பெயருக்கு முன்னால் வந்ததும் நின்று லேசாக இருமுவார். அவர் முயற்சி செய்வதற்குள் "வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன்.

அவர் அறைக் கதவில் 'அலுவலக நேரம், இரண்டு முதல் நான்கு வரை' என்று ஒட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் வேலை செய்வார் போலிருக்கிறது. தொந்தரவாகிவிடுமோ என்று அந்தப் பக்கமே போவதில்லை.

ஏன் போனாய் என்று எழுது. போனில் வேண்டாம். போனில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், நீயும் சிரித்து மழுப்பிவிடுவாய்.

உபா

*

தீவு
பிப்ரவரி 3, 2005

அக்கா,

அம்மாவிடம் சொல், இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். மீன்கள்தான் அதிகம்.

நாள் முழுவதும் நின்றபடி வேலை. பெல்ட்டில் மீன் வந்துகொண்டே இருக்கும். என் கை பட்டதும் பாதியாகும். தூங்கினாலும் கண்ணுக்குள் பெல்ட் ஓடுகிறது. எங்கள் அறையில் இரண்டு அடுக்காக நான்கு கட்டில். கீழே படுப்பவர் எர்னிங் அண்ணன், பிலிப்பைன்ஸ்காரர், என் குறட்டைக்குச் செருப்பால் பதில் சொல்வார். கடலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கறுப்பாக, யாரோ அடியிலிருந்து மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுகிறேன்.

ஏன் போனாய் என்று கேட்டாய். சொல்கிறேன். நீ கத்தக் கூடாது.

நவம்பரில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வரச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? அந்த வாசலில் இருக்கும் காவலாளி என்னிடம் எப்போதும் அடையாள அட்டை கேட்பான். எனக்கு முன்னால் போகிறவர்களிடம் கேட்கமாட்டான், பின்னால் வருகிறவர்களிடமும் கேட்கமாட்டான். அன்றைக்கு அட்டை வீட்டில். "நீ இங்க படிக்கிறவனா?" என்றான். ஆமாம் என்றேன். "என்ன படிக்கிற?" என்றான். நான் என்ன படிக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேர் நடுவில் என்னை நடத்தி வெளியே கொண்டுபோய் விட்டார்கள். மொத்த நூலகமும் தலையைத் தூக்கிப் பார்த்தது. என் கணக்கு வகுப்புப் பையன்கள் இருந்தார்கள். ஒருவனும் "இவன் எங்களோட படிக்கிறான்" என்று சொல்லவில்லை.

அன்றைக்கு உன்னிடம் "புத்தகம் கிடைக்கல" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகும் சில வாரம் காலேஜுக்கு வந்தேன். பையைத் திறந்து காட்டத் தயாராகவே நடந்தேன். ஒன்றும் எடுக்காமலே திருடன் மாதிரி நடந்தால் எப்படிப் படிப்பது?

இங்கே எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு ரப்பர் உடுப்பு. நீ யார் என்று எவனும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை.

நீயும் விட்டுட்டு வா. அந்த இடம் நம்மளது இல்ல. உள்ளே விட்டது தெரியாமல் விட்டது.

கூலேத்

*

மினியாபொலிஸ்
பிப்ரவரி 14, 2005

கூலேத்,

நான் கத்தவில்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக நூலகத்துக்குத்தான் போனேன். அந்த ஆளைப் பார்த்து ஏதாவது கேட்க வேண்டும் என்று. வாசல்வரை போனேன். அவன் என்னைப் பார்த்தான். செருப்பு அறுந்ததுபோலக் குனிந்து எதையோ சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உனக்கு இதுதான் அக்கா.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது.

இத்தனை நாள் ரப்பர் கையில் ஊசி பழகினோம். போன வாரம் ஒருவருக்கொருவர். என்னோடு கிர்ஸ்டன் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். முதலில் அவள் என் கையில் எடுக்க வேண்டும். பட்டையைக் கட்டினாள், தட்டினாள், விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். "எனக்கு நரம்பு ஒண்ணுமே தெரியல மேடம்" என்றாள். ஹால்வர்சன் மேடம் எட்டிப் பார்த்தார். "இந்தக் கையில கஷ்டந்தான். விடும்மா, வேற யாரையாவது பாத்துக்கலாம்." அவ்வளவுதான். என் கையில் ரத்தம் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்து என் முறை. அவள் கையில் நரம்பு நீல நூல் மாதிரி தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். ஆனால் நான் ஊசியை இரண்டு தடவை கிட்டே கொண்டுபோய்த் திரும்ப எடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஊசி உள்ளே போகும்போது கையை வெடுக்கென்று இழுத்தாள். எங்கேயோ படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டது. கூலேத், அவள் போட்ட சத்தம்! விரல் மரத்துப்போச்சு, விரல் மரத்துப்போச்சு என்று அழுதாள். மாலைக்குள் சரியாகிவிட்டதாம். ஆனால் அந்தச் சத்தம் சரியாகவில்லை. வீட்டில் வெங்காயம் நறுக்கும்போதுகூடக் கேட்கிறது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் போனால் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேடம் என் முன்னால் ரப்பர் கையை வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் நானும் அந்த ரப்பர் கையும்தான். உயிருள்ள கையில் எடுத்துக் காட்டாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பமாட்டார்கள். அனுப்பாவிட்டால் படிப்பு முடியாது. யார் கை கொடுப்பார்கள்?

சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே எனக்கு முன்னாலேயே ஒருவர் இருந்தார். மெங் என்று பெயர், லாவோஸ் மலைப்பக்கத்து ஹ்மாங் ஜனம், என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர், மூன்று குழந்தைகளின் அப்பா. என் வகுப்புதான். டப்பாவைத் திறந்து சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு படி நகர்ந்து உட்கார்ந்தார். "கேன்டீன்ல இந்த வாசனைக்கு எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க" என்றார். நானும் என் டப்பாவைத் திறந்தேன்.

விட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். நானும் தினமும் காலையில் அதையேதான் நினைக்கிறேன். ஆனால் நான் விட்டால் நீ சொன்னது சரியாகிவிடும். உன் பேச்சைச் சரியாக்க எனக்கு மனமில்லை.

உபா

*

தீவு
பிப்ரவரி 24, 2005

அக்கா,

முதலில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். சின்ன வயதில் கோழி அறுக்கிறார்கள் என்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறவள் நீ. உன் கையில் ஊசியைக் கொடுத்தது யார்? எர்னிங் அண்ணனிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு கத்துனா கத்தட்டும், உங்க அக்காவை என் கையில குத்தச் சொல்லு. எனக்கு ஏற்கெனவே கை மரத்துதான் இருக்கு" என்றார்.

என் கையும் கொஞ்சம் சரியில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை. போன வாரம் ஒரு மீனின் முள் கையுறையைத் துளைத்துக்கொண்டு உள்ளங்கையில் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டு நாளில் கை அம்மா புளிக்கவைக்கும் அஞ்சேரோ ரொட்டி மாவு மாதிரி உப்பிவிட்டது. எர்னிங் அண்ணன் தன்னிடம் மீதியிருந்த ஏதோ மாத்திரை கொடுத்தார், வடிந்தது. மாத்திரை தீர்ந்தது, மறுபடி உப்புகிறது.

இப்போது ஒரு புது வேடிக்கை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு கோடு போலச் சுடுகிறது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தொட்டால் தோலுக்கு அடியில் கம்பி ஓடுவதுபோல இருக்கிறது. முதலுதவி அறைக்குப் போனேன். அங்கே இருப்பவன் விளக்கடித்துப் பார்த்தான். "சிவப்பே இல்லையே. சிவப்பு வந்தா வா" என்று அனுப்பிவிட்டான். சூப்பர்வைசர் நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒப்பந்தம் முடிவதற்குள் அனுப்பிவிட்டால் திரும்பும் டிக்கெட்டை நாமேதான் எடுக்க வேண்டும், அதனால் யாரும் அந்த அறைப் பக்கம் இரண்டாம் தடவை போவதில்லை.

ராத்திரியில் கொஞ்சம் குளிர்கிறது. எல்லோருக்கும்தான் குளிர்கிறது, அலாஸ்கா இது.

அம்மாவிடம் சொல்லாதே. வாழைப்பழம் வைத்துச் சோறு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா? நேற்று கனவில் அம்மா ஆட்டுக்கறிச் சோறு போட்டாள், எடுக்கப் போனால் கை வரவில்லை.

கூலேத்

*

மினியாபொலிஸ்
மார்ச் 3, 2005

கூலேத்,

உன் கடிதம் இன்று பகலில்தான் வந்தது. காலண்டரைப் பார்த்தேன், நீ எழுதி ஒரு வாரம் ஆகிவிட்டது. உடனே டாக்டரிடம் போ. முதலுதவி அறைக்கு இல்லை, டாக்டரிடம். சண்டை போட்டாவது போ. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று நினைத்தால் எழுத்து ஓடவில்லை.

எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. காயத்திலிருந்து ஒரு கோடு மேலே ஏறினால் விஷம் ரத்தத்தில் ஏறுகிறது என்று அர்த்தம். புத்தகத்தில் 'சிவப்புக் கோடு' என்று போட்டிருக்கிறது. படத்தில் வெள்ளைக் கை. உன் கறுத்த கையில் எங்கேடா சிவப்பு தெரியும்? என் கையில் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன், சிவப்புப் பேனாவால். அதுவே சரியாகத் தெரியவில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தேன். "கூலேத் வர்சமேவா? அப்படி யாரும் இங்க இல்லை" என்று வைத்துவிட்டார்கள். மறுபடி செய்தேன். எடுத்தவன் என் உச்சரிப்பைக் கேட்டதும், "இது மீன் கம்பெனிங்க" என்றான். மூன்றாவது தடவை யாரும் எடுக்கவில்லை. நீ உண்மையிலேயே அங்கே இருக்கிறாயா?

அம்மா சமையலறையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை. நாளை வகுப்பில் யாரிடமாவது கேட்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை.

உபா

*

மினியாபொலிஸ்
மார்ச் 4, 2005, மாலை

கூலேத்,

இந்தக் கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். பேசாமல் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது.

காலையில் வகுப்புக்குப் போனேன். ஹால்வர்சன் மேடம் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். சேர்ந்த நாளிலிருந்து நான் தூக்கியதில்லை. அவர் திரும்பவில்லை. இறக்கிவிடலாம் என்று தோன்றியது. அப்போது மெங் பின்னாலிருந்து, "மேடம், அவங்க ஏதோ கேக்கணுமாம்" என்றார்.

எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், கிர்ஸ்டனும்தான். அவர்கள் முகத்தைப் பார்த்தால் பேசமாட்டேன் என்று தெரிந்ததால் என் கையையே பார்த்துக்கொண்டு கேட்டேன். "சிவப்புக் கோடுன்னு புத்தகத்துல போட்ருக்கு. என்னை மாதிரி தோல்ல அது எப்படித் தெரியும் மேடம்?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"சிவப்பா தெரியாது. தொட்டாதான் தெரியும். சூடா இருக்கும், வலிக்கும், உள்ள கயிறு மாதிரி ஓடும்." மேஜையில் இருந்த புத்தகத்தைத் திறந்து பார்த்து மூடினார். "புத்தகத்துல அது இல்ல. எனக்குத் தெரியும், நானும் சொல்லல."

"என் தம்பிக்கு அப்படித்தான் இருக்கு" என்றேன். அதற்குமேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் யார் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அவர்கள் எல்லோர் முன்னாலும்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். போனை எடுத்தார். "தம்பி முழுப் பேரு என்ன? மெதுவா சொல்லு, நான் எழுதிக்கிறேன்." கூலேத் வர்சமே ஃபாரா என்றேன். தப்பாகச் சொல்லிப் பார்த்தார், திருத்தினேன், மறுபடி சொன்னார். கடைசியில் வரும் தாத்தா பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கம் இருந்தவன் கண்டுபிடித்துவிட்டான். உன்னை ஃபாரா என்று பதிந்து வைத்திருக்கிறார்கள்.

நேற்றிலிருந்து நீ வேலைக்கு வரவில்லையாம். எர்னிங் அண்ணனை முந்தாநாளே வேறு கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். "தூங்குறான்னு நெனச்சோம்" என்றான்.

"போய் எழுப்புங்க" என்றார் மேடம். குரலே மாறிவிட்டது. "நான் லைன்லயே இருக்கேன்."

காத்திருந்தோம். அவர் ரிசீவரை எனக்கும் கேட்கும்படி சாய்த்துப் பிடித்திருந்தார். எங்கேயோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு யாரோ ஓடிவரும் காலடி.

"எழுந்திருக்க மாட்டேங்குறான்."

அதற்குப் பிறகு மேடம் பேசியதெல்லாம் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. தீவின் மருத்துவமனைக்குப் பேசினார், கத்தினார்கூட. உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூச்சு இருக்கிறது. ஆங்கரேஜ் நகருக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டுமாம், ஆனால் அங்கே புயல், விமானம் கிளம்பவில்லை. இப்போதும் கிளம்பவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. தொழுகை விரிப்பில் உட்கார்ந்தவள் இன்னும் எழவில்லை. மேடம் தன் வீட்டு எண்ணைக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் எடுக்கப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்குமா, பிரிக்க உனக்குக் கை இருக்குமா, அதுகூடத் தெரியாமல்

போன் அடிக்கிறது.

*

ஆங்கரேஜ்
மார்ச் 16, 2005

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன், அதனால் எழுத்து சின்னப் பிள்ளை எழுத்தாக இருக்கும். நேற்று போனில் நீயும் அம்மாவும் மாறி மாறி அழுததில் எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை.

வலது கை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை பிளந்து கழுவியிருக்கிறார்கள். இன்னொரு தடவை பிளக்க வேண்டுமாம். கடைசி இரண்டு விரல் மடங்காமல் போகலாம் என்றார் டாக்டர்.

விமானத்துக்காகக் காத்திருந்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. என் பெயரைக் கேட்டார்கள். நான் என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவருக்கு அப்பா பெயர் என்று சொல்லிக்கொண்டே போனேனாம். நிறுத்தினால் செத்துவிடுவேன் என்று தோன்றியது அக்கா. எழுதிக்கொண்டிருந்தவர், "போதும் தம்பி, போதும்" என்றாராம்.

ஒரு நர்ஸ் நரம்பு தேடினார். கிடைக்கவில்லை. உன் கிர்ஸ்டன் கதை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன். அவர் போகவில்லை. இந்தக் கை, கால், கழுத்து என்று தடவித் தடவித் தேடி எடுத்துவிட்டார். தேடிக்கொண்டே இருந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இதுவரை உனக்கு எழுதியதெல்லாம் வேடிக்கையாக எழுதினேன். வந்த முதல் நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். தீவில் யாரும் என்னை யார் என்று கேட்பதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். நான் கட்டிலில் கிடந்தபோதும் யாரும் கேட்கவில்லை.

எர்னிங் அண்ணனின் மைத்துனர் வீடு இந்த ஊரில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் கை ஆறும்வரை அங்கே இருக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன செய்வது? மீன் வேலைக்கு இந்தக் கை ஆகாது. வீட்டுக்கு வருவேன். வந்து என்ன செய்வேன் என்று நினைத்தால் மறுபடி காய்ச்சல் வருகிறது. காலேஜ் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் மேடத்திடம் என் பெயரை இன்னும் ஒழுங்காகச் சொல்கிறாரா என்று கேள்.

கூலேத்

*

மினியாபொலிஸ்
ஏப்ரல் 22, 2005

கூலேத்,

ஒழுங்காகச் சொல்கிறார். என் பெயரையும்தான். இப்போது இருமல் இல்லை.

உன் இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது என்று கேட்ட பிறகுதான் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். அதுவரை பக்கத்து வீட்டில் பொரித்துத் தந்த சம்பூசாதான் எங்கள் இருவருக்கும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த அடுத்த வாரம் மேடம் என்னை வகுப்பு நடுவில் உட்காரவைத்தார். கேட்டுவிட்டுத்தான். "உன் கையை எல்லாரும் தொட்டுப் பாக்கலாமா? வேணாம்னா வேணாம்." சரி என்றேன். எல்லோரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, விரலால் மட்டும் என் நரம்பைத் தேடச் சொன்னார். ஒவ்வொருவராக வந்தார்கள். அவ்வளவு விரல்கள் என் கையில். எனக்கு உடம்பு கூசியது, ஓடிவிடலாமா என்றிருந்தது. கண்காட்சிப் பொருள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேனோ என்றும் நினைத்தேன். அது பாதி உண்மைதான்.

கிர்ஸ்டன் கடைசியில் வந்தாள். ரொம்ப நேரம் தேடினாள். "இதோ" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு ஊசியை எடுத்துச் சுத்தமாகக் குத்தினாள். குழாயில் ரத்தம் ஏறுவதை இருவரும் பார்த்தோம். "உன் கையைக் கொடுக்கிறாயா" என்று நான் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. அவளுக்கு இன்னும் பயம் இருக்கிறது. எனக்கும்தான்.

கை கொடுத்தவர் மெங். "எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு, பாத்து குத்து" என்றார். முதல் தடவை தவறிவிட்டது. கையை இழுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார். கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் கொடுத்தார்கள். மேடமும் கொடுத்தார்.

அவர் கதவில் ஒட்டியிருக்கும் அந்த 'அலுவலக நேரம்' இருக்கிறதே, அது நாம் போய்ப் பார்ப்பதற்கான நேரமாம்! மெங்குக்கும் தெரியாது. இரண்டு பேரும் மூன்று மாதமாக அந்தத் தாழ்வாரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறோம்.

நூலகத்துக்கும் போனேன், மெங்கைக் கூட்டிக்கொண்டு. அந்த ஆள் எங்களிடம் அட்டை கேட்டான். காட்டினோம். "எல்லார்கிட்டயும் கேப்பீங்களா?" என்று கேட்டேன். "ரூல்ஸ்" என்றான். எங்களுக்குப் பின்னால் வந்தவளிடம் கேட்கவில்லை. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் முகம் சிவந்தது. அவ்வளவுதான். அவன் மாறிவிட்டான் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இந்த வாரம் எங்களை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் காலை, என் முதல் நோயாளி ஒரு வயதான வெள்ளைக்காரர். சாமான் தட்டோடு உள்ளே போனேன், பயிற்சி கொடுக்கும் அக்கா கூட வந்தார். என் தலைத்துணியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டார்.

"நீ எங்கேர்ந்து வர்ற?"

அந்தக் கேள்வியை நம்மிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள். எந்த ஊரைச் சொல்வது, பிறந்ததையா, அகதி முகாமையா, இந்த ஊரையா என்று மனசு ஓடும். அன்றைக்கு அப்படி ஓடுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எங்க காலேஜ்லேர்ந்து அனுப்பியிருக்காங்க" என்றேன்.

"வேற யாராவது இருந்தா வரச் சொல்லு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சரி என்று வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் நின்று தட்டில் இருந்த குழாய்களை மறுபடி எண்ணினேன். பயிற்சி அக்கா பின்னாலேயே வந்து, "அடுத்த ரூமுக்குப் போ, இவரை நான் பாத்துக்கறேன்" என்றார். போனேன். அங்கே ஒரு அம்மாள் அரைத்தூக்கத்தில் கையை நீட்டினார். தடவினேன், கிடைத்தது, எடுத்தேன். அன்றைக்கு மதியம்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் தட்டைச் சரிசெய்வதுபோல நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். நாளையும் அப்படித்தான் நிற்பேன்.

அடுத்த வாரம் நீ வருகிறாய். காலேஜ் என்று சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தாய், சொல்லவில்லை. உன் கணக்குப் புத்தகம் என் அறையில்தான் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் அந்தக் கிழவரிடம் நான் சொன்ன பதில் எனக்கே காதில் விழுந்தது. அந்தக் காலேஜ் என்று சொல்லவில்லை. நான் படிக்கிற காலேஜ் என்றும் சொல்லவில்லை. எங்க காலேஜ் என்றேன், கூலேத். அறையில் பயிற்சி அக்கா இருந்தார், வாசலில் கிர்ஸ்டன் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

உபா